அடுகோடியிலிருந்து வந்த இன்ஜின்

இதை எழுத எனக்குப் பல வருடம் தயக்கம். அண்ணன் மறைந்த முதல் வருடமே நினைவு மலர் அச்சுப் போடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். கூடப் பிறந்தவள், எல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தவள், நீயே எழுது என்றார்கள். நான்தான் இப்போது வேண்டாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதினால் காரின் கதையை எழுத வேண்டும். அதை எழுதினால் இன்னொரு வீட்டு அம்மாளின் மனம் நோகுமோ என்று பயம். இப்போது அவர்களே எழுதச் சொல்லிவிட்டார்கள். ஆகையால் முருகனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். எனக்கு எட்டாவதுவரைதான் படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் பிறந்தது ஒக்கலிபுரத்தில். அப்பா ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர். சீக்கிரமே காலமானார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு பங்களாவில் கார் துடைக்கப் போனார், பிறகு அங்கேயே டிரைவர் ஆனார். அந்தக் குடும்பத்தார் வெளிநாடு போகும்போது தங்கள் பழைய கறுப்புச் சீமைக் காரை அண்ணனுக்கே கொடுத்துவிட்டுப் போனார்கள். அதற்குள் நாங்கள் ஆஸ்டின் டவுனுக்குக் குடி வந்திருந்தோம். அண்ணன் அந்தக் காரைக் கல்யாணங்களுக்கு ஓட்டினார். இந்த மலரை வாங்கிப் படிக்கிற உங்களில் பல பேர் மாலையும் கழுத்துமாக அந்தக் காரின் பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள்தான். என் கல்யாணத்துக்கும் அந்தக் கார்தான். என்னை ஆளாக்கியதும் அதன் வருமானம்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு முகூர்த்த நாளன்று, மாப்பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, இன்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது. எங்கள் தெருவில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாய் திறந்து பார்த்துவிட்டு, இனி இது தேறாது என்றார். அந்த மாதிரி இன்ஜின் எங்கே கிடைக்கும்? சிவாஜி நகர் பழைய சாமான் கடைகளில் கேட்டோம். இல்லை. கார் வாசலில் துணி போர்த்திக்கொண்டு நின்றது. அண்ணன் காலையில் எழுந்து அதைத் துடைப்பார், மறுபடி போர்த்துவார். அண்ணி ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அப்போதுதான் பாய் எங்கள் ஊரிலேயே அடுகோடிப் பக்கம் ஒரு வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தார். அந்த வீட்டுக்காரர் பேக்டரியில் பிட்டராக இருந்தவர். அதே மாடல் கார் வைத்திருந்தார். இன்ஜினை இறக்கி வீட்டுக்குள் வைத்து ஓய்வு நேரத்தில் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது, இங்கே தமிழர்களைத் தாக்கிய அந்தக் காவிரிக் கலவர வருடத்தில், வெளியே நின்ற காரைக் கொளுத்திவிட்டார்கள். தமிழ்நாட்டு நம்பர் பலகை, அதுதான் குற்றம். கார் போனபிறகும் மனிதர் இன்ஜினை விடவில்லை. பூட்டி முடித்தார். முடித்த கொஞ்ச நாளில் மாரடைப்பில் போய்விட்டார். இன்ஜின் ஒருநாள்கூட ஓடவில்லை.

துக்கம் நடந்த வீட்டுக்கு, தனியாக இருக்கிற பெண்பிள்ளையிடம் பேச, ஆண்கள் மட்டும் போகக் கூடாது என்பது அண்ணனுடைய வழக்கம். அதனால் என்னையும் அழைத்துப் போனார். அதனால்தான் எனக்கு எல்லாம் தெரியும்.

கூடத்தில் ஒரு மர ஸ்டாண்டின்மேல் இன்ஜின் இருந்தது. எண்ணெய்த் துணி சுற்றி, மேலே ஒரு பழைய பட்டுப் புடவை போர்த்தி, மஞ்சள் குங்குமம் வைத்து. அந்த அம்மாள் புடவையை எடுத்ததும் பாய் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “வேலை சுத்தம் அண்ணா. ஆனா ஓடாத இன்ஜினும் வாய் திறக்காத மாப்பிள்ளையும் ஒண்ணு. உள்ளே என்னன்னு கட்டிக்கிட்டப்புறம்தான் தெரியும்” என்றார்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. “இரும்புக் கடைக்காரன் வந்தான், கொடுக்கல. இன்னொருத்தர் பார்ட் பார்ட்டா பிரிச்சு எடுத்துக்கிறேன்னார், கொடுக்கல. அவர் கையால பூட்டினது. யாரும் கழட்டக் கூடாது. அப்படியே ஓட்டறதா இருந்தா எடுத்துட்டுப் போங்க.”

அண்ணன் சுவரில் மாட்டியிருந்த அந்த அம்மாளின் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து, “சரிம்மா. உங்களைக் கேக்காம ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டோம்” என்றார்.

டெம்போவில் ஏற்றி வந்து காரில் இறக்கிப் பூட்டினார்கள். புதுப்பித்த இன்ஜினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்யக் கூடாதாம். முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டுமாம். பாய் சுற்றினார். பாதி சுற்றில் உள்ளே நறநறவென்று ஒரு சத்தம். ஸ்பார்க் பிளக் போடுகிற ஓட்டைக்குள் மெல்லிய கம்பியில் கிரீஸ் தடவி விட்டு எடுத்தார். கம்பி நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது ஓர் அரிசி. மஞ்சள் தடவிய அரிசி.

எங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. வீட்டுக்காரர் போனபிறகு வருடா வருடம் ஆயுத பூஜையன்று அந்த அம்மாள் இன்ஜினுக்குப் பூஜை போட்டிருக்கிறார். ஓட்டைகளை அடைத்திருந்த கார்க்கை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை அட்சதை போட்டு, மறுபடி அடைத்திருக்கிறார்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே, “இப்படியே ஸ்டார்ட் பண்ணா சிலிண்டர் உள்சுவர் முழுக்கக் கோடு விழும். ஊதி எடுக்கலாம்னா வால்வு ஓரம் போய் உக்காரும். நட்டெல்லாம் கழட்டி மேல ஹெட்டைத் தூக்கணும். தூக்கிட்டுத் துடைச்சு மூடிடலாம் அண்ணா. அந்தம்மாவுக்கு யார் போய்ச் சொல்லப் போறாங்க?” என்றார்.

அண்ணி வாசல்படியிலிருந்து, “எதுக்குத் திறக்கணும்? சாமிக்குப் போட்ட அரிசி. சாமியே பாத்துக்கும். ஸ்டார்ட் பண்ணுங்க” என்றார்கள்.

“அண்ணி சொன்னா சாமி கேக்கும். பிஸ்டன் கேக்காதே” என்றார் பாய்.

அண்ணன் வீட்டுக்குள் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். “கிளம்பு பாப்பா, அடுகோடிக்குப் போயிட்டு வரலாம்” என்றார். அண்ணி, “போய் என்னன்னு சொல்வீங்க? உங்க பூஜையாலதான் கெட்டுதுன்னா?” என்று கேட்டார்கள். அண்ணன் நின்று, “ஓட்டினா கார் கெடும். கேக்காம திறந்தா என் வாக்குக் கெடும். சொல்லாம எப்படி?” என்று மட்டும் சொன்னார்.

அடுகோடியில் அந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும், “ஓடிச்சா?” என்று கேட்டார். அண்ணன் உட்காராமலே நடந்ததைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. அந்த அம்மாள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“அன்னைக்குப் படத்துக்கு முன்னாடி நின்னு வாக்குக் கொடுத்தீங்களே.”

“அதான்மா வந்திருக்கேன். நீங்க வேணாம்னா திறக்க மாட்டேன். சாயங்காலம் கொண்டாந்து இதே இடத்துல இறக்கிடறேன்.”

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். “அதுக்கு வாய் அதுதானேன்னு போட்டேன்மா. பூஜையன்னைக்கு அவருக்கு வச்சேன், அதுக்கும் ரெண்டு போட்டேன். நானே கெடுத்துட்டேனா?”

“கெடலம்மா” என்றார் அண்ணன். “இன்னும் ஓட்டலையே.”

அதற்குமேல் அண்ணன் வற்புறுத்தவில்லை. அந்த அம்மாளே முடிவு செய்யட்டும் என்று நாங்கள் வந்துவிட்டோம். அன்று இரவு அண்ணன் சாப்பிட்டார், தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அந்த அம்மாள் இறங்கினார். கையில் துணிப்பை கனத்தது. உள்ளே அவர் வீட்டுக்காரரின் ஸ்பேனர்கள். “திறக்கறதா இருந்தா இதுல திறங்க” என்றார்.

முதல் நட்டை அவரே திருப்பினார். பாய் இடம் காட்டினார். அண்ணன் நட்டைத் தொடவில்லை, ஸ்பேனர் நழுவாமல் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். மீதியைப் பாய் கழற்றினார். ஹெட் தூக்கியதும் பிஸ்டன்களின்மேல் அரிசி கிடந்தது, சிலது இடித்த நொய்யாக. அந்த அம்மாள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் முந்தானையில் போட்டுக்கொண்டார். பாய் அதுவரை தள்ளி நின்றார். பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்து, புது கேஸ்கெட் வைத்து, அதே ஸ்பேனரால் பூட்டினார். அரிசியை அந்த அம்மாள் எங்கள் தெரு முனை வேப்பமரத்தடியில் போட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் அண்ணன் சாவியைத் திருப்பினார். இரண்டு முறை இழுத்தது, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. அந்த அம்மாள் பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பாயைப் பார்த்து, “இவ்வளவு சத்தம்தானா?” என்று கேட்டார்.

“சத்தம் வராததுதாம்மா வேலை. உங்க வீட்டுக்காரர் வேலை” என்றார் பாய்.

அந்தக் காரில் முதல் சவாரி அடுகோடிக்குத்தான். அந்த அம்மாளைப் பின் சீட்டில் உட்காரவைத்து அண்ணனே ஓட்டிப் போய் விட்டுவிட்டு வந்தார்.

அதன்பின் அண்ணன் இருந்தவரை கார் நின்றதில்லை. கடைசி இரண்டு வருடம் சிறுநீரகக் கோளாறால் கஷ்டப்பட்டார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்கும்போதெல்லாம், “வாரத்துக்கொரு தடவை ஸ்டார்ட் பண்றீங்களா?” என்று கேட்பார். பண்ணுகிறோம் என்றால் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு விடியற்காலையில் அமைதியாக அடங்கினார். வயது அறுபத்தொன்று.

அந்த நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும், ரத்தம் கொடுத்த பிள்ளைகளுக்கும், காரை இன்றுவரை பார்த்துக்கொள்கிற பாய்க்கும், கடைசிவரை முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடுகோடி அம்மாளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. போன மாதம் அவர்களைப் போய்ப் பார்த்து, மலர் போடுகிறோம், காரைப் பற்றி எழுதட்டுமா, அரிசி விஷயத்தை விட்டுவிடுகிறேன் என்றேன். “அதை விட்டா உங்க அண்ணனைப் பத்தி என்ன எழுதுவே? என் அரிசியையும் சேர்த்தே எழுது” என்றார்கள்.

உறவில் பல பேர் இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். அட்சதை உள்ளே இருக்கும்போதே அண்ணன் முருகா என்று சாவியைத் திருப்பினார், அரிசி சாம்பலாகி வண்டி ஓடியது என்கிறார்கள். நானும் கிருத்திகை தவறாமல் விரதம் இருப்பவள்தான். சாமி இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நடந்தது அது இல்லை. அரிசி இருந்தது. அண்ணன் போய்ச் சொன்னார். அந்த அம்மாள் வந்து திறந்தார்கள். பிறகு ஓடியது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது இந்த வரிசையிலேயே சொல்லுங்கள். எதையும் கூட்ட வேண்டாம். அந்த அரிசியை மட்டும் விட்டுவிட வேண்டாம்.