சிம்பல் அடங்கும் வரை

என் அத்தானுக்குக் கோபம் வருவது ஒரே விஷயத்துக்குத்தான். டிரம்ஸ் வாசித்து முடித்ததும் கடைசியாக அடித்த சிம்பல் தட்டின் ரீங்காரம் முழுசாக அடங்குவதற்குள் யாராவது அசைந்துவிட்டால் போதும், வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அந்த நேரம் பார்த்துத் தும்மிவிட்டு அக்கா வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. பட்டறையில் பகல் முழுக்கக் கிரைண்டரில் இரும்பைத் தேய்க்கிற ஆளுக்கு இவ்வளவு நுணுக்கமான காதா என்று நான் கேலி செய்வேன்.

டிரம்ஸ் இருந்தது படுக்கையறையில். ஒலிப்பதிவு என்றால் மெத்தை எழுந்து சுவரில் சாய்ந்துவிடும், ஃபிரிட்ஜ் அணைந்துவிடும், அக்காவின் பாவாடை நாடா காணாமல் போய்விடும். மேலே தொங்கும் இரண்டு மைக்குகளும் அவர் முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் ஸ்நேர் டிரம்மிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அதை அளக்கத்தான் நாடா. பெரிய டிரம்முக்குள் ஒரு தலையணை, ஒரு மைக். கம்ப்யூட்டர் என் பொறுப்பு.

ஒரு பாடகரின் குழு, ஊர் ஊராகப் போய் வாசிக்க டிரம்மர் தேடியது. மாதிரிக்கு ஒரு பதிவு கேட்டார்கள். இடம் கிடைத்தால் பட்டறைக்கு ஒரேயடியாக முழுக்கு. அத்தான் அன்று பிரமாதமாக வாசித்தார். ஆனால் சிம்பல் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துவிட்டார். ஸ்டூல் தரையில் தொம்மென்று இடித்தது.

"என்ன அத்தான், ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு நீங்களே இப்படிப் பண்றீங்க?"

"அடங்கிடுச்சேடா மாப்ள."

"எங்க அடங்குச்சு?"

மறுபடி வாசித்தார். மறுபடியும் தொம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஹெட்போனை அவர் தலையில் மாட்டிப் பதிவை ஓடவிட்டேன்.

"நல்லாக் கேளுங்க. சிம்பல் இழுத்துட்டு இருக்கு, நடுவுல உங்க ஸ்டூல்."

கண்ணை மூடிக் கேட்டார். "ஸ்டூல் கேக்குது," என்றார். பிறகு மெதுவாக, "சிம்பல் எங்கடா?"

கதவருகே நின்ற அக்கா அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச காலமாகவே அவள் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லையாம். தோளைத் தொட்டுத்தான் பேசுவாளாம். "என்மேல சலிச்சுப் போச்சுன்னு நெனச்சேன்டா," என்றாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "பட்டறைச் சத்தம் பாதி, டிரம்ஸ் பாதி. போனது திரும்பாது. ரெண்டையும் விட்டா மிச்சமாவது நிக்கும்." குழுவுக்கு வரமுடியாது என்று நான்தான் சொன்னேன். அவரைச் சொல்லவிட எனக்கு மனசு வரவில்லை.

டிரம்ஸைக் கழற்றிக் கொடுத்துவிடுவது என்று முடிவான பிறகு அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார். "ஒரே ஒரு தடவ. எல்லா மைக்கும் வச்சு." அக்கா தானே நாடாவைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

வாசித்தார். கடைசி சிம்பலை அடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். இந்த முறை அவரால் பதிவு கெட்டுவிடக் கூடாது. சிம்பல் இழுத்தது, மெலிந்தது, அடங்கியது. அதன் பிறகும் அவர் அசையவில்லை. குச்சிகளைப் பிடித்தபடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருந்தார். அடங்கிவிட்டது அத்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

அக்கா போய் அவர் தோளைத் தொட்டாள்.