படத்தின் அடியில் ஒரு பென்சில் வரி

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, நான் ஃபிஜியின் சுவாவில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது நடந்தது இது. பத்திரிகைக் கார்ட்டூன்களின் அசல் படங்களை ஆன்லைன் ஏலத்தில் வாங்கிச் சேர்க்கிற பைத்தியம் அப்போது எனக்கு முற்றிப்போயிருந்தது.

ஒருநாள் உள்ளூர்ப் படமே ஏலத்துக்கு வந்தது. 1987-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த சமயத்தில், சுவா வார இதழ் ஒன்றுக்காக வரைந்த படம். துப்பாக்கியும் கையுமாக ஒரு சிப்பாய், கிழவர் ஒருவரின் பையைத் துழாவுகிறான், உள்ளே மரவள்ளிக்கிழங்கு! யாரோ ஒருவர் விடாமல் என்னோடு மல்லுக்கு நின்றார். நான் விடுவேனா? கடைசிப் பத்து விநாடி வரை பதுங்கியிருந்து, ஒரே போடாகப் போட்டு ஜெயித்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

படம் வந்து சேர்ந்தது. அடியில் பென்சிலால் தமிழில் ஒரு வரி: ‘பாப்பா பொறந்த நாள். வெரசா வூட்டுக்குப் போவணும்.’ ஓவியர் ஞாபகத்துக்காகக் கிறுக்கி வைத்தது போலிருந்தது. சிரித்துக்கொண்டே ரப்பரால் அழித்தேன். ஃபிரேம் போட்டால் சுத்தமாக இருக்க வேண்டாமா?

மறுவாரம் பிரிஸ்பேனிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். படத்தை விற்றவர் நம்பர் கொடுத்தாராம். ஏலத்தில் என்னோடு மோதியவளே அவள்தான், ஓவியரின் மகள். ராணுவம் வந்த அந்த வருடமே, போட்டது போட்டபடி குடும்பத்தோடு ஊரை விட்டுப் போனார்களாம். போன கொஞ்ச நாளில் அப்பா இறந்துவிட்டார்.

“அங்கிள், படம் நீயே வெச்சுக்கோ. கீழ அப்பா பென்சில்ல எழுதினாரு இல்ல, அத மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. ஏலத்துல போட்ட படத்துல சரியா தெரியல. அப்பா கையெழுத்து எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல.”

அழித்துவிட்டதைச் சொன்னேன். என்ன எழுதியிருந்தது என்பதையும் சொன்னேன்.

“பாப்பா நான்தான்” என்றாள். போனை வைத்துவிட்டாள்.

விற்றவரிடம் முகவரி வாங்கிப் படத்தை அவளுக்கே அனுப்பினேன். பிரிக்காமலே திரும்பி வந்தது.

இன்றும் அந்தப் பார்சல் என் பீரோவில் அப்படியேதான் இருக்கிறது. ராணுவம்கூட விட்டுவைத்த ஒரு வரியை, தமிழ் படிக்கத் தெரிந்த நான், படித்துப் பார்த்துவிட்டே அழித்தேன் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.