ஜவ்வாது மலையில் தேசப்பனைத் தேடிப் போன வழி

எண்ணூர் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி, கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியால் அள்ளினோமே, அந்த வருஷம். அதற்குச் சற்று முன்னால்தான் வர்தா புயல் காசிமேட்டில் படகுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிவிட்டுப் போயிருந்தது. மீன்பிடித் தடைக்காலத்தை நாற்பத்தைந்து நாளிலிருந்து அறுபத்தொரு நாளாகக் கூட்டியதும் அந்த வருஷமே. இத்தனையும் ஒரே வருஷத்தில் வந்ததால் எனக்கு மறக்கவில்லை. அந்தச் சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள்தான் தேசப்பன் மலையில் காணாமல் போனான்.

ஜவ்வாது மலைக்குப் போக வழி கேட்டுச் சில பிள்ளைகள் சேதி அனுப்பியிருந்தார்கள். வழியும் சொல்கிறேன், நாங்கள் எதற்குப் போனோம் என்பதையும் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசியதை என் மருமகள் எழுத்தாக்கியிருக்கிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்ட வேண்டாம், நான் வேகமாகப் பேசுகிறவன்.

முதலில் எங்கள் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி. திருவொற்றியூர் குப்பத்திலிருந்து காசிமேடு வரை, லாஞ்சில், அதாவது விசைப்படகில், போகிறவர்களும் போய் ஓய்ந்தவர்களுமாக இருநூறு பேருக்கு மேல் இருந்தோம். பாதிப் பேருக்கு என்னைப்போல எழுத்து வராது. அதனால் ஒரே சட்டம்: குரல் மட்டும்தான், எழுத்து கூடாது. குழுவுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, ஒரு படகுப் படம்தான் அடையாளம். காற்று எப்படி, எந்த வலை அறுந்தது, எவன் வீட்டில் கல்யாணம், எல்லாம் குரலில் வரும். குழுவை நடத்தியவர் ராயபுரத்தில் ஐஸ் வியாபாரம் செய்த காதர் பாய்.

தேசப்பன் என்னோடு ஒரே லாஞ்சில் பதினெட்டு வருஷம் ஓடியவன். தடைக்காலத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல், தெருக்காரர்கள் ஆறு பேரோடு மலைக்கோயிலுக்குப் போனான். இறங்கும்போது முழங்கால் வலியால் பின்தங்கி, "நீங்க நடங்க, நான் மெதுவா வரேன்" என்றிருக்கிறான். அவன் பையை அவர்கள் தூக்கிக்கொண்டார்கள். சர்க்கரை மாத்திரை, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அந்தப் பையில். அடிவாரம் வந்து பார்த்தால் ஆள் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் குழுவில் அவன் குரல் வந்தது. "மாமு, கூட்டத்த வுட்டுட்டேன். சுத்தி ஒரே மூங்கிலா கீது. பேஜார் இல்ல, வந்துடுவேன்." அவ்வளவுதான்.

அதன்பின் நாங்கள் செய்த காரியத்தை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். நாற்பது ஐம்பது பேர் ஒரே நேரத்தில் அவனுக்குப் போன் போட்டோம். எடுத்தவனிடம் ஒருவர் மாற்றி ஒருவர், "எங்க கீற? சாப்டியா? பயப்படாத" என்றோம். அரை மணியில் அவன் போன் செத்தது. குழுவில் அவன் மனைவி கன்னியம்மாவின் குரல் வந்தது.

"பாவிங்களா, அந்தாளு போன கொன்னுட்டீங்களே. கடல்ல வயர்லெஸ்ல ஒர்த்தன் பேசினா மத்தவன் வாய மூடுவீங்க இல்ல? கரைக்கு வந்தா அந்த அறிவு எங்க பூடுது?"

காதர் பாய்தான் பேசினார். "தங்கச்சி சொல்றதுதான் சரி. இனிமே நான் கேட்டா மட்டும் ஒர்த்தர் பேசுங்க. மொதல்ல, அந்த மலையில யாருக்கு ஆளு தெரியும்?"

தெரிந்தது. எங்கள் கருவாடு அந்த மலைச் சந்தைக்குப் போகிறது. கருவாடு ஏற்றி அனுப்பும் காசிமேட்டு அம்மா ஒருத்தி போளூர் வியாபாரியைச் சொன்னாள், போளூர் வியாபாரி மலையில் இருக்கும் சின்னப்பையனைச் சொன்னார். சின்னப்பையன் என்பது பெயர்தான், ஆளுக்கு ஐம்பது வயதுக்கு மேல். காதர் பாய் அவரையும் அவர் ஊர்க்காரர்கள் சிலரையும் குழுவில் சேர்த்தார். அவர்களும் எழுதுகிறவர்கள் இல்லை, அதனால் சட்டத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடிகாலை நான்கு மணிக்குத் திருவொற்றியூர் தேரடியிலிருந்து வாடகை வேனில் கிளம்பினோம். நான், காதர் பாய், குப்பத்துப் பிள்ளைகள் நான்கு பேர். கன்னியம்மாவைக் கூப்பிட்டோம். "நான் வூட்லயே கீறேன். அந்தாளுக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பரு என்னுதுதான். எவன் போன வாங்கியாவது அடிச்சா எடுக்க ஆளு வோணும்" என்றாள். மாத்திரையைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தாள்.

பாதை இது: பூந்தமல்லி, காஞ்சிபுரம், ஆற்காடு, ஆரணி, போளூர். போளூரில் எட்டே காலுக்கு இட்லி சாப்பிட்டோம், ஆளுக்கு முப்பது ரூபாய். சட்னி நன்றாக இருந்தது என்று சொல்லக்கூட அன்று எவனுக்கும் வாய் வரவில்லை. அங்கிருந்து ஜமுனாமரத்தூர் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், மலைப்பாதை. மொத்தம் இருநூற்று இருபது கிலோமீட்டர் என்று வண்டி மீட்டர் காட்டியது. வேன் வாடகை டீசலோடு நாலாயிரத்து ஐந்நூறு.

மலை ஏறும்முன் டிரைவர் வண்டியை நிறுத்தினான். "பெர்சு, மேல வளைவு ஜாஸ்தி. வாந்தி எடுத்தா வண்டி கழுவ முந்நூறு தனி."

"நாங்க கடல்ல புயலையே பாத்தவனுங்க நைனா. நீ ஒழுங்கா ஓட்டு" என்றார் காதர் பாய்.

ஐந்தாவது வளைவில் முதலில் எடுத்தவர் அவர்தான். நானும் தப்பவில்லை. கடலில் ஆடுவது வேறு, இது வேறு. போகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப்பையன் சந்தைக்கருகே காத்திருந்தார். அவர் இரவே சொல்லியிருந்ததால் வனத்துறை ஆட்களும் ஊர்க்காரர்களும், தேசப்பனோடு போன ஆறு பேரும் விடிந்ததிலிருந்து ஓடைப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். வழி தவறியவன் தண்ணீர்ச் சத்தத்தை வைத்துப் பள்ளத்துக்குத்தான் இறங்குவான், பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பான் என்றார் வனக்காவலர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் ஓடையோரம் ஒரு காலடிகூட இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாத்திரையும் சோறும் தண்ணீரும் இல்லாமல் சர்க்கரை உடம்புக்காரன் இன்னொரு பகலைத் தாங்க மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

காதர் பாய் குழுவில் கேட்டார். "தேசப்பன் எங்க போயிருப்பான்? ஒர்த்தர் ஒர்த்தரா சொல்லுங்க."

ஒவ்வொரு குரலாக வந்தது. கடைசியில் ஏழெட்டுப் பேர் சொன்னது ஒன்றாக இருந்தது. இருட்டில் துறைமுக வாய் தெரியாமல் போனால் எங்கள் ஆட்கள் கரைக்கு வர மாட்டார்கள். கரை விளக்கு கண்ணுக்கெதிரே எரியும், ஆசை காட்டும். ஆனால் நடுவில் அலை உடையும், கல் கொட்டியிருக்கும், படகு சிதறிவிடும். அதனால் வெளியே திறந்த கடலில் நங்கூரம் போட்டு விடியும்வரை நிற்பார்கள். "அவன் எறங்கியிருக்க மாட்டான் பாய். வெளியதான் நின்னுகினு இருப்பான்" என்றது எண்ணூரிலிருந்து ஒரு குரல்.

சின்னப்பையன் அதை இரண்டு தரம் கேட்டார். "மலையில வெளின்னா மொட்டைப் பாறைதானுங்க. மூங்கில் காட்டுக்கு மேல மூணு இருக்குது" என்றார்.

வனக்காவலர் யோசித்தார். "ஓடையை விட முடியாது. நான் இங்க பார்க்கிறேன், நீங்க மேலே போங்க" என்று தன் ஆள் ஒருவரையும் அனுப்பினார். மலையை அறிந்தவர்கள் அவர்கள், ஆளை அறிந்தவர்கள் நாங்கள். இரண்டும் சேர்ந்துதான் நடந்தது.

ஏற்றம் மூன்று கிலோமீட்டர். எனக்கு அப்போது அறுபத்து நான்கு. காதர் பாய் பாதியில் உட்கார்ந்துவிட்டார். "நீ போய்யா, நான் இங்கியே துவா பண்றேன்" என்றார். முதல் பாறையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதின் நடுவே ஒரு வேட்டி, நான்கு மூலையிலும் கல் வைத்து விரித்திருந்தது. பாறை நிழலில் தேசப்பன் சுருண்டு கிடந்தான். உதடு வெடித்து, கை நடுங்கிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"இன்னா மாமு, இவ்ளோ லேட்டு?"

"உன் வேட்டிய இங்க காயப்போட்டுகினு, மானமா கேள்வி வேற கேக்கிற" என்றேன். கன்னியம்மா கொடுத்த மாத்திரை முடிச்சை அவன் கையில் வைத்தேன். சோறில்லாமல் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று சின்னப்பையன் வெல்லம் கரைத்த தண்ணீரை முதலில் சிறிது சிறிதாகக் கொடுத்தார், பிறகு சாமைக் கஞ்சி.

நடுக்கம் நின்றதும் அவன் சொன்னான். "கீழ லைட்டு தெரிஞ்சுது. கிட்டத்தான். எறங்கிடலாம்னு காலு இழுக்குது. மேல நெலா கீது, மரத்துக்குக் கீழ ஒரே இருட்டு. இருட்ல கரைக்கு வரலாமா? அதான் நின்னுட்டேன். காலைல எழுந்தா காலு வரல. தூரத்துல இருந்து பாத்தா தெரியட்டும்னு வேட்டிய விரிச்சேன்."

சின்னப்பையன் என்னைப் பாறை விளிம்புக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஊருக்கும் பாறைக்கும் நடுவே செங்குத்தான பள்ளம். மரம் மூடியிருப்பதால் பகலிலேயே தெரியவில்லை.

பிள்ளைகள் மாறி மாறிச் சுமந்து இறக்கினார்கள். போனில் சிக்னல் கோடு விழுந்த இடத்தில் நான் குழுவில் பேசினேன்: "கெடச்சுட்டான். உசுரோட கீறான்." இருநூறு பேர் கேட்டார்கள் என்று, குரலைக் கேட்டதும் நீலமாகும் அடையாளம் காட்டியது. ஒருவரும் பேசவில்லை. ஒரே நாளில் எங்கள் ஆட்கள் அப்படி மாறியிருந்தார்கள். எல்லோரும் கன்னியம்மாவுக்காக வாயை மூடிக் காத்திருந்தார்கள்.

வெகுநேரம் கழித்து அவள் குரல் வந்தது. "அந்தாளாண்ட போன குடுங்க. நாலு கேள்வி கீது." அதன்பிறகு குழுவில் எழுந்த கூச்சல் என் போன் சூடாகும்வரை ஓயவில்லை.

நான் எத்தனையோ பெரிய மீன் பார்த்தவன், ஏலத்தில் பேர் வாங்கியவன். அன்றைய பெருமை எதிலும் இல்லை. எழுத்து தெரியாத கூட்டம் ஒரு மனிதனை மலையிலிருந்து இறக்கியது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. உங்கள் பையை வேறு ஆளிடம் கொடுக்காதீர்கள், மருந்தும் தண்ணீரும் உடம்போடு இருக்கட்டும். பின்தங்குகிறவனோடு ஒருவன் நிற்க வேண்டும். யாராவது தொலைந்தால் வனத்துறைக்கு உடனே சொல்லுங்கள், தொலைந்தவனிடம் ஒரே ஒரு ஆள் மட்டும் பேசுங்கள். வழி தெரியாத இருட்டில் நடக்காதீர்கள். நான் சொன்ன வாடகை அந்த வருஷத்தது, இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள்.

மலையைப் பற்றி மேலும் கேட்க நினைப்பவர்களுக்கு நான் சரியான ஆள் இல்லை, ஒரே தரம்தான் ஏறினேன். காதர் பாய் கொரோனாவில் போய்விட்டார், ஜனாஸா அடக்கத்துக்குக்கூட எங்களை விடவில்லை. சின்னப்பையன் காய்ச்சலில் போனதை அவர் மகன் குழுவில் குரலாகச் சொன்னான். கன்னியம்மா போன ஐப்பசி மழையில் போனாள். வருஷா வருஷம் சித்திரையில் அந்தப் பாறைக்குப் போய்ச் சாமைக் கஞ்சி குடித்துவிட்டு வருகிற ஒருவன் இருக்கிறான், அவனைக் கேளுங்கள். திருவொற்றியூர் குப்பத்தில் தேசப்பன் என்றால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள்.