அவள் பக்கத்து இடம்

எங்கள் வீட்டில் சாமி படம் கிடையாது. அப்பா கறுப்புச் சட்டைக்காரர். தீபாவளியன்று வேண்டுமென்றே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார். எங்களையும் நடக்க வைப்பார். செத்தால் மண், அவ்வளவுதான் என்பார். ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றினேன். மற்ற பாடமெல்லாம் மறந்துவிட்டது, அது மறக்கவில்லை.

2004இல் கடலூர் சிப்காட்டில் பீப்பாய் கழுவும் வேலை கிடைத்தது. அங்கேதான் அவளும் வேலை செய்தாள். தாலியில்லாமல் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துகொண்டோம். மூன்றாவது வருஷம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. சிதம்பரத்து ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக பஸ்ஸில் அலைந்தோம்.

அவள் பக்கத்துக் கட்டிலில் ஒரு கிறிஸ்தவ அம்மா இருந்தார். தன் வலியோடு எழுந்து வந்து இவள் தலையில் கை வைத்து ஜெபிப்பார். இவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கடலூரில் அந்த அம்மாவின் சபைக்கே போய், தன் தம்பியோடு சேர்ந்து கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாள். நான் கரையில் துண்டை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஒருநாள் சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்:

“நான் முன்னாடி போயி எடம் புடிச்சி வெக்கிறேன். நீ வந்துடு.”

“ஜன்னல் வழியா துண்டு போடுற மாதிரியா?”

“ஆமா. ஆனா டிக்கெட் எடுத்துட்டு வா.”

அந்த மழைக்காலத்தில் செத்துப்போனாள். சபையின் கல்லறைத் தோட்டத்தில், முந்திரி மரத்தடியில் புதைத்தோம். பக்கத்து இடம் காலியாக இருந்தது. அதை எனக்கு விட்டுவைக்கச் சொல்லிப் பாஸ்டரைக் கேட்டேன்.

“முழுக்கு எடுத்தவங்களுக்குத்தான் பிரதர் அந்த எடம். நீங்களும் எடுத்துக்குங்களேன்.”

போனேன். ஞாயிறு தவறாமல் பாயில் உட்கார்ந்தேன், கை தட்டினேன், பாடினேன். யாரும் என்னை ஏமாற்றவில்லை. பாஸ்டர் வீட்டம்மா என் தட்டில் மட்டும் இன்னொரு முட்டை வைப்பார். மற்றவர்கள் அழுது ஜெபிக்கும்போது நானும் கண்ணை மூடிக்கொள்வேன். கண்ணை மூடினால் வருகிற இருட்டுதான் இருந்தது. அவள் எங்கேயோ இருக்கிறாள் என்று நம்ப எனக்கு அவ்வளவு ஆசை. ஆசை இருந்தது, நம்பிக்கை வரவில்லை.

முழுக்கு நாள் காலையில் வெள்ளை வேட்டி சட்டையோடு இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்றோம். பாஸ்டர் கேள்வி கேட்பார். சத்தமாக ஆமாம் என்று சொன்ன பிறகுதான் முக்குவார். எனக்கு முன்னால் நின்ற பெண் தண்ணீரிலிருந்து எழுந்து அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்தது நான். மச்சான் துணைக்கு என் பின்னால் நின்றான். பாஸ்டர் என் முதுகில் கை வைத்தார். “முழு இருதயத்தோட விசுவாசிக்கிறீங்களா?”

ஒரு வார்த்தைதான். சொன்னால் பக்கத்து இடம் எனக்கு. ஆனால் அவள் சொன்னது நிஜமென்றால், பார்த்துக்கொண்டிருப்பாள். பொய் சொல்ல முடியாது. நிஜமில்லையென்றால் அது வெறும் மண், எதற்காகப் பொய்?

“தெரியல ஐயா.”

“மாமா, ஆமான்னு சொல்லித் தொலைங்க. அலை வருது” என்றான் மச்சான்.

பாஸ்டர் கையை எடுத்துவிட்டார். “தெரியலன்னா முழுக்கு குடுக்கக் கூடாது பிரதர்” என்றார். கோபமெல்லாம் இல்லை. அதற்குள் ஒரு பெரிய அலை வந்து தலைக்கு மேல் போனது. உப்புத் தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழுந்தேன்.

“அலையே முழுக்காட்டிடுச்சி. இதக் கணக்குல சேத்துக்குங்க ஐயா” என்றான் மச்சான்.

“அப்புடியெல்லாம் கெடையாது தம்பி.”

கரையில் எனக்கும் ஒரு எலுமிச்சை சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். சாப்பிட்டேன். பிறகு சிதம்பரம் போய் ஒரு ஓட்டலில் சப்ளையராகச் சேர்ந்துவிட்டேன்.

2012 தொடக்கத்தில், புயல் அடித்து ஓய்ந்த பிறகு, கல்லறையைப் பார்க்கப் போனேன். முந்திரி மரங்கள் வேரோடு கிடந்தன. மரச் சிலுவைகளும் கீழே கிடந்தன. மச்சான் அரிவாளோடு வந்தான். கிளைகளை வெட்டி இழுத்துப் போட்டபோது பக்கத்து இடத்தில் ஒரு மண்மேடு தெரிந்தது.

“யாரு?”

“பக்கத்துக் கட்டில் அம்மாதான் மாமா. போன வருஷம்.”

இரண்டு சிலுவைகளையும் நட்டு, காலால் மண்ணை மிதித்து இறுக்கினோம். சாயங்காலம் சிதம்பரம் பஸ் ஏறினேன். இடம் இல்லை. நின்றுகொண்டே போனேன்.