காதர் மைதீன் போட்ட நான்கு போல்ட்

காதர் மைதீன் வீட்டுக்கு யாராவது தங்க வந்தால், முனீரா தேநீர் போடும் முன்னால் பாடம் எடுப்பாள். வாசல் கதவைத் தள்ளக் கூடாது, லேசாகத் தூக்கித் திறக்க வேண்டும். கூடத்து சுவிட்சைத் தட்டினால் சமையலறையில் விளக்கு எரியும். சமையலறை சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது, அதன் பக்கமே போகக் கூடாது. மின்விசிறியில் ஐந்து வேகம் எழுதியிருந்தாலும் இரண்டுதான் உண்டு. ஒன்று நிற்பது, இன்னொன்று பறப்பது. இத்தனையும் காதர் மைதீன் தன் கையால் பழுது பார்த்தவை. ஆங் மோ கியோவில் நான்காவது மாடி மூவறை வீட்டுக்கு அவர்கள் குடிவந்து முப்பது வருடமாகிறது. கருவிப் பெட்டியோடு வெளியாள் ஒருவர் அந்த வாசலை மிதித்தது கிடையாது.

மனிதர் அடிப்படையில் பெட்டிக் கடைக்காரர். லிட்டில் இந்தியாவில் பயணப் பெட்டி விற்கும் கடை ஒன்றில் இளவயதில் சேர்ந்தார், அறுபத்தெட்டு வயதிலும் போய்க்கொண்டிருக்கிறார். ஊருக்குப் புறப்படும் முன்தினம் சக்கரம் கழன்ற பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களுக்கு அங்கேயே உட்கார்ந்து சக்கரம் மாட்டிக் கொடுப்பார். அதில்தான் அவருக்குக் கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. பெட்டிக்குச் சக்கரம் மாட்டத் தெரிந்தவனுக்கு உலகத்தில் எதையும் மாட்டத் தெரியும் என்று நம்பத் தொடங்கிவிட்டார்.

அநியாயமாகச் சொல்லக் கூடாது. அவர் செய்த செருப்பு அலமாரி இன்றும் ஆடாமல் நிற்கிறது. கீழ்வீட்டுத் தங்கத்தின் கம்பிக் கதவுப் பூட்டை அவர் சரி செய்து பத்து வருடம் ஆகிறது, ஒரு குறையும் இல்லை. தங்கம் ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கிறவள், கணவர் இல்லை, மகன் ஆஸ்திரேலியாவில். குழாய் சொட்டினாலும் விளக்கு அணைந்தாலும் அவளுக்குப் பாய்தான். அவர் கீழே போய்ச் சரி செய்துவிட்டு, அவள் கொடுக்கும் காப்பியைக் குடித்துவிட்டு, மூன்று அங்குலம் உயர்ந்து மேலே வருவார்.

முனீராவுக்குப் போன வருடம் இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்தது. நடை தேறிவிட்டது, குந்தி உட்காருவது மட்டும் போனது போனதுதான். நாற்காலியில் அமர்ந்து தொழுதுகொள்ளலாம். ஆனால் தொழுகைக்கு முன் ஒளு செய்ய வேண்டுமே. முகத்தையும் கையையும் தொட்டியில் கழுவிக்கொள்ளலாம், காலை எங்கே தூக்குவது? முதல் இரண்டு மாதம் காதர் மைதீன்தான் குவளையில் மொண்டு ஊற்றினார். அவர் கடையிலிருக்கும் நேரம் மகள் ஃபஸீலா சுவா சூ காங்கிலிருந்து ரயில் பிடித்து வந்தாள். யாரும் வராத நாளில் தொழுகை தள்ளிப்போனது. அது முனீராவுக்கு வலியைவிடப் பெரிய வலி. அல்லாவுக்கு முன்னால் போய் நிற்பதற்குக்கூட ஒரு ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று ஒருநாள் அழுதேவிட்டாள்.

பிளாஸ்டிக் முக்காலி போட்டுப் பார்த்தார்கள், ஈரத்தில் அது வழுக்கியது. முதியவர்கள் இருக்கும் வீடுகளில் கைப்பிடியும் இருக்கையும் பொருத்தித் தரும் அரசாங்கத் திட்டம் இருக்கிறது, விண்ணப்பித்தால் ஆள் வந்து செய்துவிட்டுப் போவான் என்றாள் ஃபஸீலா. படிவத்தைக்கூட அச்செடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். காதர் மைதீன் அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு இருக்கையின் படத்தை வரைந்தார். என் மனைவி உட்கார ஒரு இடம் செய்ய அரசாங்கம் வரவேண்டுமா என்று கேட்டார். அவரோடு யார் வாதாடுவது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் குளியலறைக் கதவோரம், தரைக் கல்லில் நான்கு ஓட்டை போட்டு, விரல் தடிமனில் போல்ட் நான்கை இறக்கி, துருப்பிடிக்காத எஃகில் நான்கு கால் ஸ்டூல் ஒன்றைத் தரையோடு தரையாக முடுக்கினார். அதற்கு நேரே முழங்கால் உயரத்தில் ஒரு குழாய். முனீரா உட்கார்ந்து பார்த்தாள். அசையவில்லை. குழாயைத் திறந்து தன் காலைத் தானே கழுவிக்கொண்டாள். அன்று முதல் ஐந்து வேளையும் அவளுக்கு யார் துணையும் வேண்டியிருக்கவில்லை. இந்த ஒன்றில் அவள் கணவனை மனதாரப் பாராட்டினாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் அதை ஒரு மாதம் கடையில் சொல்லித் திரிந்தார்.

அதற்கு அடுத்த மாதம் தங்கம் மேலே வந்து, தன் குளியலறைக் கூரையில் ஈரம் தெரிகிறது, நேரம் கிடைக்கும்போது பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

காதர் மைதீன் ஏணியோடு போனார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்பு வட்டம். பழைய பெயிண்ட், காற்றில் ஈரப்பதம் என்று சொல்லிச் சுரண்டிவிட்டுப் பட்டி பூசி வெள்ளையடித்தார். பத்தே நாளில் அந்த வட்டம் திரும்பி வந்தது, கூடவே இன்னொரு வட்டத்தையும் அழைத்துக்கொண்டு. ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் விற்கும் வன்பொருள் கடைக்குப் போய் நீர் புகாத பெயிண்ட் வாங்கிவந்து இரண்டு கோட் அடித்தார். அது பலூன் மாதிரி உப்பி, ஒருநாள் தோலாக உரிந்து தொங்கியது. அப்படியானால் குழாய்தான் என்றார். மேல்வீட்டுக் கழிவுக் குழாய் கீழ்வீட்டுக் கூரையை ஒட்டித்தானே போகிறது. அதன் மூட்டு ஒவ்வொன்றிலும் பசையைத் தடவி, நாடாவைச் சுற்றி, கட்டுப் போட்ட கை மாதிரி ஆக்கிவிட்டார். வட்டம் சொட்டத் தொடங்கியது.

அவருக்கு மண்டை காய்ந்தது. கடையில் வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தார். வன்பொருள் கடைச் சீனர் இவரைக் கண்டதும் சிரிக்க ஆரம்பித்தது வேறு எரிச்சல். சிமெண்ட்டைத் திட்டினார், பெயிண்ட் செய்தவனைத் திட்டினார், முப்பது வருடத்துக்கு முன் கட்டடம் கட்டியவனைத் திட்டினார். தன் வீட்டுத் தரையை மட்டும் சந்தேகிக்கவில்லை. அதையும் சோதித்தாயிற்று என்பார். குளிக்கும் மூலையில் தண்ணீரைத் தேக்கி ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்திருந்தார், கீழே ஒன்றும் இறங்கவில்லை. கதவோரம் எந்தக் காலத்திலும் தண்ணீர் விழாத இடம், அதை எதற்குச் சோதிப்பது? அங்கே ஐந்து வேளையும் தண்ணீர் விழ ஏற்பாடு செய்தவரே தான்தான் என்பது அந்த மண்டைக்கு எட்டவில்லை. ஃபஸீலா ஒருமுறை வீடமைப்பு வாரியம் எச்டிபிக்குச் சொல்லிவிடலாமா அத்தா என்று கேட்டதற்கு, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மூன்றாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தங்கத்தின் கூரையிலிருந்து ஒரு உள்ளங்கை அகலத்துக்கு சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. அவள் பல் துலக்கிவிட்டு வெளியே வந்த நேரம். இரண்டு நிமிடம் தாமதித்திருந்தால் தலையில்தான் விழுந்திருக்கும். காதர் மைதீன் அன்று கடைக்குக் கிளம்பாமல் கீழே போய் அண்ணாந்து பார்த்தார். உள்ளே துருவேறிய கம்பி தெரிந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் பழக்கதோஷம், இதற்கென்று ஒரு சிமெண்ட் வந்திருக்கிறது, சாயங்காலமே பூசிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார்.

தங்கம் அவரை முடிக்க விடவில்லை.

"பாய், சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. இது நாள் முழுக்கச் சொட்டுறதில்ல. ஒரு நாளைக்கு அஞ்சு தடவதான். முனீராக்கா அந்தக் கீழ்க்குழாயத் தொறக்குற சத்தம் எனக்குக் கேக்கும். கொஞ்ச நேரத்துல இங்க ஆரம்பிச்சிடும்."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். முதல் வாரத்திலிருந்தே என்றாள். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கோபமாகவே கேட்டுவிட்டார். கோபம் யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை.

"சொன்னா நீங்க அந்த ஸ்டூலப் பிடுங்கிடுவீங்க. அக்கா மறுபடியும் ஆளுக்காகக் காத்துக் கெடக்கணும். எனக்கென்ன, ஒரு வாளி வச்சா போச்சு லா."

காதர் மைதீன் மேலே ஏறினார். நம்பவில்லை என்பதைவிட, நம்ப மனம் வரவில்லை. நோன்பு மாதத்தில் பாண்டுங் பானம் கலக்க வாங்கி மிச்சமிருந்த ரோஜா சிரப் போத்தலை எடுத்தார். முனீரா அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலைச் சுற்றி ஈரத்துணியால் அணை கட்டி, உள்ளே தண்ணீர் விட்டு, அரைப் போத்தல் சிரப்பைக் கவிழ்த்தார். தரை சிவந்தது. மறுபடி கீழே போய்த் தங்கத்தின் வாளிக்கு முன்னால் நின்றார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் சொட்டு தெளிவாக விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது சொட்டு இளஞ்சிவப்பாக விழுந்தது.

முழுசாகப் புரிந்துவிட்டது. தரைக் கல்லுக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் தடுக்க ஒரு பூச்சு இருக்கும். அதைத் தன் கையால் நான்கு இடத்தில் பொத்தலிட்டு, அதன் தலைமாட்டிலேயே ஒரு குழாயையும் வைத்திருக்கிறார். மூன்று மாதமாக மேலே ஓட்டையை வைத்துக்கொண்டு கீழே வந்து வெள்ளையடித்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. அழுகை வருமோ என்றுகூடப் பயந்தார்.

அந்த நேரம் பார்த்து முனீரா தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தாள். குளியலறை சிவப்பாகக் கிடப்பதைப் பார்த்து, மனிதருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறி, லிஃப்ட்டில் இறங்கி வந்திருக்கிறாள். தங்கத்தின் வீட்டுக்கு அவள் வந்து ஒரு வருடம் இருக்கும். கூரையில் தெரிந்த கம்பியைப் பார்த்தாள். வாளியில் விழும் சிவப்புச் சொட்டைப் பார்த்தாள். குளியலறைக் கதவுப் பிடியில் மாட்டியிருந்த குடையையும் பார்த்தாள். வீட்டுக்குள் எதற்குக் குடை என்று கேட்டாள். தங்கம் சிரித்து மழுப்பப் பார்த்தாள், முடியவில்லை. உள்ளே போய்வரும்போது பிடித்துக்கொள்வேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். முனீரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் காதர் மைதீன் கருவிப் பெட்டியைத் திறந்துவிட்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது. இப்போதுதான் நோய் தெரிந்துவிட்டதே என்று படபடவென்று பேசினார். நான்கு போல்ட்டையும் கழற்றி, கல்லைப் பெயர்த்து, பூச்சை அவரே மறுபடி பூசி, ஸ்டூலைச் சுவரோடு சேர்த்து மாட்டிவிடலாம், மிஞ்சிப் போனால் இரண்டு நாள் என்றார்.

முனீரா குளியலறை வாசலில் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் உள்ளே போக முடியாதபடி உட்கார்ந்தாள்.

"மூணு மாசமா என் கால் கழுவின தண்ணி அவ தலையில சொட்டியிருக்கு. அவ குடை பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. நீங்க காப்பி குடிச்சிட்டு வந்திருக்கீங்க."

அவர் வாயைத் திறந்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். குரல் உயரவில்லை, அதுதான் அவரை உலுக்கியது. முப்பது வருடமாகக் கதவைத் தூக்கித் திறந்தவள், தப்பான சுவிட்சைத் தட்டி விளக்குப் போட்டுக்கொண்டவள், ஒருநாளும் இந்த முகத்தைக் காட்டியதில்லை.

"உக்கார ஒரு எடம் வேணும்னுதான் கேட்டேன். அத நீங்கதான் செய்யணும்னு நான் கேக்கவே இல்ல."

காதர் மைதீன் கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டிக்குள் வைத்தார். இவளுக்காகச் செய்தேன், இவளுக்காகச் செய்தேன் என்று கடை கடையாகச் சொன்னதெல்லாம் அவர் நினைவுக்கு வந்தது. அதில் எவ்வளவு இவளுக்காக, எவ்வளவு தன் பேருக்காக என்று பிரித்துப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

முனீரா ஃபஸீலாவைக் கூப்பிட்டுப் பேசினாள். எச்டிபிக்குத் தகவல் சொல்ல, உரிமம் பெற்ற ஆளைப் பிடிக்க, பழைய படிவத்தை இன்னொரு முறை அச்செடுக்க. தங்கத்தின் கூரைக்கும் சேர்த்துச் சொன்னாள். அதுவரை எப்படி ஒளு செய்வாய் என்று அவர் தணிந்த குரலில் கேட்டார். நீங்கள் ஊற்றுங்கள், நான் பொறுத்துக்கொள்கிறேன் என்றாள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு நேரம் ஆகியிருந்தது. அவர் அகலப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நாற்காலிக்குக் கீழே வைத்து, குந்தி உட்கார்ந்து, குவளையில் மொண்டு ஊற்றினார். வலது காலுக்கு மூன்று முறை, இடது காலுக்கு மூன்று முறை. அவள் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு எழும்போதுதான் மிச்சத்தையும் சொன்னாள். ஃபஸீலா பிடித்த ஆட்கள் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருகிறார்கள்.

"அன்னிக்கு நீங்க கடைக்குப் போயிடுங்க."

சரி என்றார் காதர் மைதீன். செவ்வாய்க்கிழமை அவருக்கு வார விடுமுறை. அது முனீராவுக்கும் தெரியும்.