மணலில் படுக்கை விரித்தவள்

மடிப்பக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஓட்டலில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் கிடந்தால் போதும், அவளுக்குச் சோறு இறங்காது. அதனால் மடிப்பக்கா. பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் காலரை நீவிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்வதுதான் வேலை. அடுத்தவர் தலைமுடியைத் தண்ணீர் போகும் துளையிலிருந்து இழுக்க வேண்டும். கண்ணாடியில் தெறித்த பற்பசையைச் சுரண்ட வேண்டும். கட்டிலடியில் கிடக்கும் ஒற்றைக் காலுறையை மூக்கைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். அங்கே சூப்பர்வைசருக்கு ஒரே பாட்டு: "நேத்து இங்க ஒருத்தர் இருந்தாருன்னு தடம் தெரியக் கூடாது." கேட்டுக் கேட்டு அது அவள் கைக்குள்ளேயே இறங்கிவிட்டது.

கல்யாணம் கூடி வரவில்லை. அதனால் ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. அண்ணன் வீட்டில் பின்கட்டு அறை ஒன்று அவளுக்கு இருந்தது. ஆனால் லீவு நாள் மட்டும் அவளுடையதாக இல்லை. "நாளைக்கு நீ சும்மாதானே இருக்கே" என்பாள் அண்ணி. அந்தச் சும்மாவுக்குள் வீட்டுத் துணி முழுக்க வந்துவிடும்.

அப்படியிருக்கையில் ஒரு அறையில் யாரோ கேமராவை விட்டுவிட்டுப் போனார்கள். வருஷம் ஒன்றாகியும் கேட்டு வரவில்லை. கண்டெடுத்தவளுக்கே இருக்கட்டும் என்று ஓட்டலில் கொடுத்துவிட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு, மாதம் ஒருமுறை வேனில் வெளியே போய்ப் படம் எடுக்கும் குழு ஒன்றில் போய் நின்றாள். அதற்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் பார்த்தே சலித்துப்போன மனுஷர். புது ஆள் மூன்று தடவை விருந்தாளியாக வரலாம். அப்புறம் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று அவர் சொல்வார்.

முதல் தடவை லென்ஸ் மூடியைக் கழற்றாமலே நாள் முழுக்க எடுத்தாள். இரண்டாவது தடவை பறவை பார்க்கப் போனார்கள். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தும்மினாள். ஒரு பறவை மிஞ்சவில்லை. இது மூன்றாவது. இதிலும் சொதப்பினால், லீவு நாள் திரும்ப அண்ணியின் துணி வாளிக்குள்தான்.

கிளம்பும்போதே அண்ணி வாசலில் நின்றாள். "கல்லையும் மண்ணையும் படம் எடுக்கவா இவ்வளவு காலையில ஓடுறே? நம்ம கொல்லையிலேயே கிடக்குதே."

"அதை நீங்க எடுங்க அண்ணி. நான் கடலோரத்துக் கல்லை எடுத்துட்டு வர்றேன்."

காலை முழுக்கப் பாறைகள். அலை வந்து அறைந்து விட்டுப்போன கரும்பாறைகள், ஈரத்தில் பளபளத்துக்கொண்டு கிடந்தன. மற்றவர்கள் கடலையும் சேர்த்து எடுத்தார்கள். மடிப்பக்கா மட்டும் ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்தில் நின்ற மருந்துக்கடைக்காரி சிரித்தாள். குழுவில் இவளோடு வாய்விட்டுப் பேசும் ஒரே ஆள் அவள்தான்.

"என்னக்கா, அந்தக் கல்லைப் பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி சுத்துறீங்க?"

"பொண்ணு பாக்க வந்தவன் எவன் இவ்வளவு நேரம் பாத்தான்? பலகாரத்தைத்தான் பாத்தான்."

சாயங்காலம் மணல்மேடு. காற்று மணலை வரிவரியாக அடுக்கி வைத்திருந்தது. வெயில் சாய்ந்ததும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நிழல் விழும், அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இத்தனை தூரம் வந்ததே என்றார் டாக்டர். எல்லாரும் கீழே வரிசையாகக் கேமரா ஸ்டாண்டை நிறுத்தினார்கள்.

"யாரும் மேட்டுல கால் வைக்காதீங்க. அங்க ஒரு தடம் தெரியக் கூடாது."

மடிப்பக்கா தலையாட்டினாள். அவளுக்குப் புதிதாகச் சொல்லித்தரவேண்டிய பாடமா அது?

ஆனால் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தாள். மூத்திரம் வெளிச்சத்துக்குக் காத்திருக்குமா? யாரிடமும் சொல்லாமல் முள்புதரைச் சுற்றி மேட்டுக்குப் பின்னால் போனாள். போன வழியில் முள் காலைக் கிழித்திருந்தது. திரும்ப அதே வழியில் வருவானேன் என்று, டாக்டர் சொன்னதை மறந்து மேட்டில் ஏறி, உச்சியைத் தாண்டி, இந்தப் பக்கம் இறங்கினாள்.

பாதி இறங்கியதும்தான் பார்த்தாள். கீழே அத்தனை கேமராவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தாள். உச்சியிலிருந்து தன் கால்வரை குழிகுழியாகத் தடம்.

கைக்கு வேலை தெரியுமே. மறுபடி உச்சிக்கு ஏறினாள். தோளில் கிடந்த துண்டை உருவி, தரை துடைப்பவள் வாசலைப் பார்த்துப் பின்னால் நகர்வதுபோலக் குனிந்து நகர்ந்து, தடம் தடமாக நீவிக்கொண்டே வந்தாள். கீழே கத்தினார்கள். கடற்காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. கையை ஆட்டினார்கள். இன்னும் அந்தப் பக்கம் என்கிறார்கள் போல என்று அந்தப் பக்கமும் நீவினாள். கடைசியில் ஓரத்தை உள்ளங்கையால் தட்டிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

ஒரு தடம் இல்லை. ஒரு வரியும் இல்லை. நடு மேட்டில் புது விரிப்பு போட்ட கட்டில் மாதிரி வழவழவென்று ஒரு பட்டை கிடந்தது.

"நீங்க படம் எடுக்க வந்தீங்களா, படுக்கை விரிக்க வந்தீங்களா?" என்றார் டாக்டர்.

"தடம் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

மருந்துக்கடைக்காரி கழுத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினாள். அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. ஆளுக்கொரு முணுமுணுப்போடு ஸ்டாண்டை மடக்கினார்கள்.

வேனில் அவள் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. மூன்றாவதும் போச்சு என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பும் வழியில் ஒவ்வொருவரும் அன்றைய ஒரு படத்தை டாக்டரிடம் காட்டுவது அங்கே வழக்கம். இவள் கேமராவை நீட்டவில்லை. மருந்துக்கடைக்காரி எழுந்து வந்து, இவளைக் கேட்காமலே எடுத்துப் போய் அவரிடம் கொடுத்தாள்.

டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். எல்லாம் அதே பாறை. எல்லாம் அதன் மடிப்புகள். கசங்கி, குழைந்து, ஓரம் சுருண்டு, யாரோ படுத்துப் புரண்டுவிட்டு இப்போதுதான் எழுந்து போன விரிப்பு மாதிரி இருந்தது கல்.

"இதெல்லாம் ஏன் எடுத்தீங்க?"

"தெரியல சார். கைவைக்க முடியாத கசங்கல். பாத்துக்கிட்டே இருக்கலாம்னு தோணுச்சு."

"எல்லாமே கோணல். இதுல பின்னாடி கடல் வழிஞ்சி ஓடுது." இன்னும் இரண்டு தள்ளினார். ஒன்றில் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கிட்டே வைத்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லுகிற ஜென்மமும் இல்லை.

"அடுத்த மாசம் ஏரிக்கரை. நேரத்தோட வாங்க. எங்க போறதா இருந்தாலும் என்கிட்ட சொல்லிட்டுப் போங்க."

"அதையெல்லாம் ஆம்பளைகிட்ட எப்படி சார் சொல்றது?"

"அப்ப அந்த அம்மாகிட்ட சொல்லுங்க" என்று மருந்துக்கடைக்காரியைக் காட்டிவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது.

மருந்துக்கடைக்காரி காலி சீட்டில் வந்து உட்கார்ந்தாள். "சேத்துட்டாருக்கா."

"கேட்டுச்சு." மடிப்பக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே இருட்டு, பார்க்க ஒன்றும் இல்லை.

மறுநாள் காலை முதல் அறையைத் திறந்தாள். போனவர் விரிப்பைச் சுருட்டி மிதித்து, பாதியைத் தரையில் விட்டுப் போயிருந்தார். மற்ற நாளாக இருந்தால் பெற்றவரையும் சேர்த்துத் திட்டியிருப்பாள். போய்த் திரைச்சீலையைக் கொஞ்சமாக விலக்கினாள். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. ஒவ்வொரு மடிப்பின் ஓரத்திலும் நிழல் இறங்கியது.

"அந்த அறை முடிஞ்சுதா இல்லையா?" தாழ்வாரத்திலிருந்து சூப்பர்வைசர்.

"இருங்க, வர்றேன்" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் விரிப்பின் மூலையைப் பிடித்து உருவினாள்.