சுடர் அசையாத அறை

வெள்ளிக்கிழமை காலை 6.15. மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் திருகோணமலை பஸ்ஸில் ஏறி, சாரதிக்குப் பின்னால் மூன்றாவது இருக்கையைப் பிடித்தேன். மோதினால் முன் இருக்கைக்காரர் போவார், பள்ளத்தில் விழுந்தால் பின் இருக்கைக்காரர் பறப்பார் என்பது என் கணக்கு. நான் ஒரு பயந்தாங்கொள்ளி. வீட்டில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இந்தப் பயணத்துக்கு இரண்டு காரணங்கள். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் தங்கை வாசுகிக்கு ஆண் பிள்ளை பிறந்து அன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். அவள் குடியிருக்கும் அரச மாடிவீடுகளை, மின்சாரம் குறைவாகச் செலவாகும்படி அண்மையில்தான் திருத்தி முடித்திருந்தார்கள். மட்டக்களப்பில் எங்கள் அரச மாடிவீடுகளையும் அதேபோலத் திருத்த வேண்டும். அதற்கான வேலைப் பட்டியலை எழுதிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான்தான். கையெழுத்தும் வைத்தாயிற்று. திங்கட்கிழமை அனுப்புவதற்கு முன் முடிந்த வேலையை ஒருதரம் கண்ணால் பார்க்கலாம் என்று பட்டியலைப் பையில் வைத்திருந்தேன்.

ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீற்றர். டிக்கெட் 520 ரூபா. வாகரை தாண்டி வெருகல் பாலத்தில் பஸ் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். மூதூரில் ஏறிய ஒரு பெண், கிண்ணியாவில் மகள் வீட்டுக்குப் போகிறவர், பக்கத்தில் வந்து அமர்ந்தார். என் மடியில் இருந்த பிள்ளைச் சட்டைகளைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

"ராவையில அழுவுதா புள்ள?"

"இல்லையாம். பகலிலயும் சத்தமே இல்லையாம். நல்ல பிள்ளை எண்டு தங்கச்சி சொல்றா."

"அழாத புள்ளயும் இருக்கா? என்ட நாலும் ஊரையே கூட்டினதுகள்" என்று அவர் சிரித்தார்.

10.20. திருகோணமலையில் இறங்கியதும் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முகத்தில் அடித்தது. அடுப்பங்கரையில் குனிந்து நிற்பதுபோன்ற சூடு. ஓர்ஸ் ஹில்லுக்கு ஓட்டோ 400 ரூபா. மாடிவீட்டு வாசலில், மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் நிழலில் இரண்டு மான்கள் படுத்திருந்தன. மூன்று மாடிகள், பன்னிரண்டு வீடுகள். கூரைக்கு வெள்ளைப் பூச்சு, அதன் கீழே வெப்பம் தடுக்கும் தகடு, ஓரங்களில் றப்பர் வைத்த கண்ணாடி ஜன்னல்கள், கதவுகளுக்கு மேலே இருந்த காற்று ஓட்டைகள் சீமெந்தால் அடைப்பு. வரிக்கு வரி என் பட்டியலைப் பார்த்துக் கட்டியதுபோல் இருந்தது.

வாசுகியின் வீடு இரண்டாம் மாடியில். உள்ளே காலை வைத்ததும் குளிர்ந்தது. "முந்தி நாள் முழுக்க விசிறி ஓடும் அக்கா. இப்ப மத்தியானத்தில மட்டும் போட்டாப் போதும்" என்றாள். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மூடிய ஜன்னலின் ஓரத்தில் நெருப்புக்குச்சியைக் கொளுத்திப் பிடிப்போம். சுடர் ஆடினால் எங்கோ காற்று நுழைகிறது என்று பொருள். முன்அறையிலும் படுக்கையறையிலும் பிடித்துப் பார்த்தேன். வெளியே கச்சான் அந்தப் பாடு படுத்துகிறது, உள்ளே சுடர் எழுதிவைத்தாற்போல் நின்றது. உச்சி குளிர்ந்துபோனேன்.

12.05. வாசுகியின் கணவருக்கு வெளியூரில் வேலை; பிள்ளைப்பெறு பார்க்க அவருடைய அக்கா பரமேஸ்வரி வெருகலில் இருந்து வந்திருந்தார். நாங்கள் மச்சாள் என்போம். இலைகள் அவித்த சுடுதண்ணீரில் வாசுகியைக் குளிக்கவார்த்து, படுக்கையறையில் கதிரையில் இருத்தினார். தேங்காய்ச் சிரட்டைக் கரித் தணல் நிறைந்த சட்டியைக் கதிரைக்குப் பின்னால் வைத்துச் சாம்பிராணி தூவி, ஈரத் தலைமயிரை அதன்மேல் விரித்துவிட்டார். பிள்ளையையும் புகையில் ஒருதரம் காட்டிக் கட்டிலில் கிடத்தினார்.

"கச்சான் காத்துப் பட்டாப் பச்சை உடம்புக்குக் கூடாது. கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ" என்றார்.

நாங்கள் மூவரும் கதைத்துக்கொண்டிருந்தோம். கால் மணித்தியாலம் போயிருக்கும். வாசுகி நெற்றியைப் பிடித்தாள்.

"ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்குத் தலையிடிக்குது அக்கா. வயித்தைப் பிரட்டிச் சத்தியும் வருது."

"பெத்த களைப்பு, போகப் போகச் சரிவரும்" என்றார் மச்சாள். "இவனைப் பாருங்கோ, என்ன நல்ல பிள்ளை! புகை போட்டா ஒரு சத்தமில்லை. பின்னேரம்வரை நித்திரைதான்."

எனக்கும் நெற்றிப்பொட்டு தெறிக்கத் தொடங்கியிருந்தது. சட்டியிலிருந்து எழுந்த புகையைப் பார்த்தேன். நேராக மேலே போய், கூரைத்தட்டில் பரவி, அப்படியே நின்றது. கதவுக்கு மேலே பார்த்தேன். ஐந்து காற்று ஓட்டைகள் இருந்த இடத்தில் வழுவழுப்பான புதுப் பூச்சு. என் பட்டியலில் அது நாலாவது வேலை.

கரித் தணலிலிருந்து நிறமும் மணமும் இல்லாத ஒரு நஞ்சு வரும், அடைத்த அறையில் அது ஆளை நித்திரையிலேயே கொண்டுபோகும் என்று பயிற்சியில் படித்தவள் நான். படித்ததை ஒரு கொப்பியில் வைத்துக்கொண்டு, பட்டியலை இன்னொரு கொப்பியில் எழுதியிருக்கிறேன்.

பிள்ளையைத் தூக்கினேன். கழுத்து துவண்டு என் கையில் விழுந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன்; முகம் சுளிக்கவில்லை. "வாசுகி, எழும்பு, வெளியில வா!" என்று கத்திக்கொண்டு வெளியே மாடி நடைபாதைக்கு ஓடினேன்.

"ஐயோ, பிள்ளைக்குக் காத்துப் படப்போகுது!" என்று மச்சாள் என் சேலையைப் பிடித்தார்.

"படட்டும் மச்சாள்! காத்துத்தான் வேணும்! வாசுகியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ!"

நடைபாதைக் கம்பியோரம், உள் துறைமுகத்துப் பக்கம் பிள்ளையின் முகத்தைத் திருப்பிப் பிடித்தேன். கீழே கடல், கப்பல், வெயில். ஒன்றும் மனதில் ஏறவில்லை. திரும்பத் திரும்ப உள்ளங்காலைச் சுண்டினேன். என் வாழ்நாளில் பயந்த பயமெல்லாம் அதுவரை வெறும் விளையாட்டு. பிறகு பிள்ளையின் வாய் கோணியது. பூனைக்குட்டி முனகுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

12.50. பெரியாஸ்பத்திரி. டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டில கரி எரிச்சனீங்களா?" தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். மூன்று மணிக்குப் பிறகுதான், "நேரத்துக்குக் கொண்டுவந்திட்டீங்கள், ரெண்டு நாளைக்கு இங்கயே இருக்கட்டும்" என்றார். மச்சாள் சுவரோர வாங்கில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"நானெல்லோ கொண்டுபோய் வைச்சனான்! என்ர தம்பிக்கு என்னண்டு முகம் காட்டுவன்?"

"நீங்கள் வெருகலில செய்ததைத்தான் இங்கயும் செய்தனீங்கள். அங்க கூரை ஓட்டால, சுவர் ஓட்டையால புகை போயிடும். ஓட்டையை அடைக்கச் சொல்லி எழுதினது என்னைப்போல ஒருத்தி" என்றேன். அவருக்கு அது விளங்கியதோ தெரியவில்லை. என் கையை மட்டும் விடவில்லை.

5.40. மாற்றுடுப்பு எடுக்க மாடிவீட்டுக்குத் திரும்பினேன். முதல் படியிலேயே கால் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைப் பின்னேரம். கீழ்மாடியிலிருந்து மேல்மாடிவரை சாம்பிராணி மணத்தது. ஜன்னல்கள் எல்லாம் கச்சானுக்குப் பயந்து இறுக்கமாகச் சாத்தியிருந்தன.

கதவு கதவாகத் தட்டினேன். மேல்மாடிக்காரர் ஒருவருக்குக் கோபம் வந்தது.

"சாமிக்குக் காட்டுற புகையை நிப்பாட்டச் சொல்றீங்களோ?"

"காட்டுங்கோ அண்ணன். ஜன்னலைத் திறந்துபோட்டுக் காட்டுங்கோ. காட்டி முடிஞ்சதும் சட்டியை வெளியில வையுங்கோ."

"ஏசி ஓடுது, திறக்க ஏலாது."

மத்தியானம் நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போனார். ஜன்னல் இழுபடும் சத்தம் கேட்டது. கடைசி வீட்டில் எத்தனை தட்டுத் தட்டியும் ஒருவரும் திறக்கவில்லை. கதவை உடைக்க ஆள் கூப்பிடத் திரும்பியபோது, தலையில் சவர்க்கார நுரையோடு ஒருவர் எட்டிப் பார்த்தார். அவரைக் கட்டிப்பிடிக்காத குறை.

சனிக்கிழமை காலை வாசுகியையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு 8.30 பஸ்ஸில் ஏறினேன். அதே மூன்றாவது இருக்கை. வெருகல் பாலத்தில் கண்ணை மூட மறந்துவிட்டேன்.

மட்டக்களப்பில் எங்கள் வீடும் அரச மாடிவீடுதான். பழையது, சூடானது, மின்சாரத்தைத் தின்பது. திருகோணமலை வீட்டின் குளிர்ச்சிக்கு இது கிட்டவும் நிற்காது. கூரைக்கு வெள்ளைப் பூச்சும் தகடும் கட்டாயம் வேண்டும். படுக்கையறையைச் சாத்திவிட்டு, கதிரையில் ஏறி, காற்று ஓட்டைக்குக் கீழே நெருப்புக்குச்சியைக் கொளுத்தினேன். சுடர் சாய்ந்து அணைந்தது. இன்னொன்று கொளுத்தினேன். அதுவும் அணைந்தது. இறங்கி, பையிலிருந்த பட்டியலை எடுத்து நாலாவது வேலையை வெட்டினேன். பக்கத்தில் காரணம் எழுதி மறுபடி கையெழுத்து வைத்தேன்.

ஞாயிறு காலை வாசுகி போனில் அழைத்தாள்.

"அக்கா, இவன் ராத்திரி முழுக்க அழுதவன். ஆஸ்பத்திரி வாட்டில ஒருத்தரையும் படுக்க விடேல்ல. எல்லாரும் ஏசுகினம்."

"அழட்டும்" என்றேன். "போனைக் கொஞ்சம் அவனுக்குக் கிட்டப் பிடி."